கோரைத் தண்டில் ஒட்டியிருந்தவை

“செத்த பூச்சின்னு எழுதினா உனக்கு என்னம்மா குறைஞ்சுபோகும்?”

“அது சாகலையே சித்தப்பா.”

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தண்ணீர் பரிசோதிக்கும் இந்தக் கூடம் அவருடையது. பூச்சி பார்க்கும் வேலை என்னுடையது. முன்னறையில் ஆலை மேலாளர் காத்திருந்தார். ஆலைக்குப் பின்னாலுள்ள குட்டையை மூடி வண்டி நிறுத்த இடம் எடுக்கப் போகிறார்கள். குட்டை செத்துவிட்டது என்று நாங்கள் எழுதிக்கொடுத்தால் போதும், மண் லாரிகள் வந்துவிடும்.

கரையோரக் கோரைத் தண்டுகளில் பழுப்பாக ஏதேதோ ஒட்டியிருப்பதை மேலாளர் பார்த்திருக்கிறார். தண்ணீரில் விஷம், பூச்சிகள் தப்பி மேலே ஏறிச் செத்துவிட்டன என்று அவரே முடிவு கட்டிவிட்டார். சித்தப்பாவும் அதை அப்படியே அறிக்கையில் தட்டிவிட்டார். கையெழுத்து நான் போட வேண்டும்.

காலையில் முழங்கால் சேற்றில் இறங்கி, அவற்றைத் தண்டோடு வெட்டி வந்தேன். காய்ந்த கால்கள் தொட்டாலே ஒடியும். ஒரு கண்ணாடித் தட்டில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து இடுக்கியால் பிரித்தேன். உள்ளே ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரே மாதிரிப் பிளவு. அதிலிருந்து வெள்ளை நூல்கள் தொங்கின, மூச்சுக்குழாய்களின் பழைய உறைகள். கீழுதடு கரண்டிபோல் முகத்தை மூடியிருந்தது. தட்டான்கள். இந்தக் குட்டையிலேயே வளர்ந்து, கரையேறித் தோலைக் கழற்றிவிட்டுப் பறந்துபோனவை.

சொன்னேன். பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடாதே என்றார் சித்தப்பா. சித்தியிடம் சொல்லி என்னை வழிக்குக் கொண்டுவருவாராம். சித்தி காலையிலேயே என் கட்சிக்கு வந்தாயிற்று என்றேன். சிரிப்பை மறைக்க இருமினார்.

இருமல் கேட்டு மேலாளர் உள்ளே வந்தார்.

“வக்கீலம்மா இன்னும் வாதாடுறாங்களா? பறக்கிற பூச்சி எங்கேர்ந்து வேணும்னாலும் வரும்மா.”

“பூச்சி வரும் சார். தோல் பறந்து வராது.”

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அறிக்கையைப் பார்த்தார். வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கினாலும் இந்தத் தட்டை நான் ஒளித்துவைக்க மாட்டேன், கேட்பவர்களுக்கெல்லாம் காட்டுவேன் என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னேன்.

நுண்ணோக்கியைச் சித்தப்பா பக்கம் திருப்பி, அவருடைய கண்ணாடியை எடுத்து நீட்டினேன்.

“நீங்களே ஒரு தடவை குனிஞ்சு பாருங்க சித்தப்பா.”