சைகை இல்லாத இரண்டு சுற்றுகள்

ஹெஷெல் லுபார்ஸ்கி தொழில்முறை பேஸ்பாலில் கேட்ச்சராக ஆடியது மொத்தம் நான்கே ஆட்டங்கள். நான்காவதைச் சொன்னால் போதும்.

1934 கோடை, ஓஹையோவில் ஒரு சிறு நகரத்து அணி. தையல்காரர் மகனான ஹெஷெல்தான் அதில் ஒரே யூதன். முதல் நாளே அவன் கையுறைக்குள், யூதர்களுக்கு விலக்கான பன்றியிறைச்சித் துண்டு கிடந்தது. உதறிவிட்டு மாட்டிக்கொண்டான். வைத்தது அதே அணியில் பந்தெறியும் கிளெம் ஹார்க்னஸ் என்று அணிக்கே தெரியும்.

மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன்தான் கேட்ச்சர். தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவான். ஒரு விரல் என்றால் வேகம், இரண்டு என்றால் வளைவு. எறிபவன் அதன்படி எறிய வேண்டும். ஆட்டம் மொத்தம் ஒன்பது சுற்று; எட்டாவதின் தொடக்கத்தில் ஹெஷெல் இரண்டு விரல் காட்டினான். ஹார்க்னஸ் தலையாட்டினான். வந்ததோ அசுர வேகம். உறையில்லாத வலக்கையில் பட்டு, மோதிர விரல் மளுக்கென்று முறிந்தது.

"அடடா, தப்பாப் பாத்துட்டேன்பா," என்றான் ஹார்க்னஸ், சிரித்துக்கொண்டே. பொய்யை ஒழுங்காகச் சொல்லக்கூட அவன் மெனக்கெடவில்லை.

மேனேஜர் டன்லீவி ஓடி வந்தார். "வெளிய வாடா. வேற ஆள் இருக்கான்."

"யூதனுங்க கை தையல் ஊசி பிடிக்கத்தான் லாயக்கு!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

ஹெஷெலுக்கு வலியைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. இப்போது எழுந்து போனால், நாளைக்கு எந்த யூதன் ஆட வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லியே விரட்டுவார்கள். "இன்னும் ஒம்பது விரல் இருக்கு சார்," என்றபடி ஒடிந்ததைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். நேரே ஹார்க்னஸிடம் போனான்.

"இனிமே சைகையே கிடையாது. என்ன வேணா எறி. புடிக்கிறேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"எறிடா."

ஹார்க்னஸுக்கு வெறி ஏறியது. ஆள் விழட்டும் என்றே எறிந்தான். பந்து ஹெஷெலின் மார்பில் பட்டது, தொண்டையில் பட்டது, ஒன்றுகூட அவனைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. சுற்றுக்கு மூன்று பேராக எதிரணியில் ஆறு பேர் மட்டை பிடிக்க வந்தார்கள், ஆறு பேரும் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். அணி வென்றது. பத்திரிகைகள் ஹார்க்னஸைத் தலையில் தூக்கி வைத்து ஆடின.

மறுநாள் மருத்துவர், "இந்த விரல் இனி மடங்காதுப்பா, ஆட்டத்த மறந்துடு," என்று சொல்லிவிட்டார். ஹெஷெல் உடைமாற்றும் அறையில் பெட்டி கட்டினான்.

"ஒருவழியாத் தொலையிறியா?" என்றான் ஹார்க்னஸ்.

"போறேன். போகச் சொன்னது டாக்டரு. ரெண்டு சுத்து முழுக்க நீயும் எறிஞ்சு பாத்தியே, உன்னால அனுப்ப முடிஞ்சுதா?"