பொம்மைகள் எழுந்த காலை

புரட்டாசி பிறந்தால் திருப்பதியில் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி வருவான். வஸுமதி வீட்டில் மட்டும் வீட்டுக்காரனே கிளம்பிப் போய்விடுவான்.

அவள் கணவன் ரகுநந்தனுக்கு மலைமேல் மடப்பள்ளியில் கைங்கரியம். பிரம்மோற்சவம் வந்துவிட்டால் புளியோதரைக்கும் பொங்கலுக்கும் நடுவில் மனிதன் காணாமல் போவான். நவராத்திரியும் அதே நாட்களில்தான் வந்து தொலைக்கும். வஸுமதி கொலு வைப்பாள், தெருவே வந்து பார்க்கும், பார்க்க வேண்டிய ஒருவன் மட்டும் வரமாட்டான். உற்சவம் முடிந்ததும் இறங்குவானா என்றால் அதுவும் இல்லை. "என் முறையைக் கொஞ்சம் பாத்துக்கோடா" என்று யார் கேட்டாலும் ஆடுகிற தலை அவனுடையது. அவன் வீடு வந்து சேரும்போது பொம்மைகள் செய்தித்தாளுக்குள் சுருண்டு பரண் ஏறியிருக்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து இதே கதை.

போட்டோ அனுப்புவாள்தான். பதிலுக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரல் வரும். ராத்திரியெல்லாம் கண் விழித்து ஒட்டி, வெட்டி, வர்ணம் பூசியதற்குக் கூலி ஒரு கட்டைவிரல்.

வஸுமதி சித்தூர்க் கடைத்தெருவை ஒட்டிய வீட்டில் பிறந்தவள். பேரச் சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு. எல்லாச் சரக்கையும் வாசலிலேயே கொட்டிக் காட்டுகிற கடைக்குள் எவனும் நுழைய மாட்டான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆகவே இந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்தாள். போட்டோ கிடையாது. பார்க்க வேண்டுமானால் வரட்டும்.

முடிவு எடுத்தால் போதுமா, சரக்கு நன்றாக இருக்க வேண்டாமா? அலிபிரியிலிருந்து மலையேறும் படிப்பாதையைக் கொலுவுக்குப் பக்கத்தில் கட்டிவிடுவது என்று திட்டம். மலைக்குக் கல் வேண்டும். பக்கத்து வீட்டு நீரஜாவை இழுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரகிரிக்கு பஸ் ஏறினாள். கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நடக்க, இவர்கள் இருவரும் வெளியே பாதையோரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். செம்மண் நிறத்தில் கொஞ்சம் கூழாங்கல், கருப்பில் கொஞ்சம், உலர்ந்து வெடித்த புங்கங்காய் ஒரு பை. மர நிழலில் தயிர் சாதமும் மாவடுவும். நீரஜா மல்லாந்து படுத்துக்கொண்டு, "கல்லு பொறுக்கறதுல இத்தனை சந்தோஷம் இருக்கறது தெரிஞ்சிருந்தா நான் படிச்சிருக்கவே மாட்டேண்டி" என்றாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் கங்கம்மா என்று ஒருத்தி மண் பொம்மைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஊர்க்காரி. வஸுமதி ஒரு யானையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன விலைம்மா?"

"யானைக்கு வெல சொன்னா நீ பூனைக்குக் கேப்ப. மொதல்ல குந்து, தண்ணி குடி."

"ஒரு காது மடங்கியிருக்கே."

"நீ பேசறத கேட்டுக்கினு கீது. ரெண்டு காதாலயும் கேட்டா பயந்துக்கினு காட்டுக்கே ஓடிப்பூடும்."

நீரஜா வாயைப் பொத்திக்கொண்டாள். வஸுமதி விடவில்லை; எழுந்து போவதுபோல் போய், பஸ் வராததால் திரும்பி வந்தாள். கங்கம்மா அதற்காகவே காத்திருந்தவள்போல், "சரேலே, எத்துக்கினு போ. ஊட்ல யாருக்குக் காட்டப் போற?" என்று கேட்டாள்.

"ஆத்துக்காரருக்கு."

"அவருக்குக் காட்டறதுக்கா இம்மாம் பேரம்? ஆம்பள யானைய எங்க பாக்கப் போறான், தட்டுல சுண்டல் கீதான்னு பாப்பான்."

வஸுமதி சிரித்துவிட்டாள். ஆனால் நிஜமாகவே சுண்டலைத்தான் பார்ப்பானோ என்ற சந்தேகமும் யானையோடு சேர்ந்து பஸ் ஏறியது.

தெர்மாகோல் மலையானது. முளைத்த கேழ்வரகு காடானது. மேலே மடப்பள்ளி: தீப்பெட்டி அடுப்பு, சிவப்புக் காகித நெருப்பு, பாட்டில் மூடி அண்டாக்கள். அடுப்பின் முன்னால் துணியில் தைத்த ஓர் ஆள், நெற்றியில் திருமண், கையில் கரண்டி. பஞ்சு மீந்துபோனதாலோ பாசம் மீந்துபோனதாலோ ஆளுக்குத் தொப்பை தாராளமாகவே அமைந்துவிட்டது.

கொலு வைத்த மூன்றாம் நாள் போன் வந்தது.

"வஸு, போட்டோ ஒண்ணும் வரலையே?"

"வராது."

"போன் ரிப்பேரா?"

"போன் நன்னா இருக்கு. பாக்கணும்னா இறங்கி வாங்கோ."

"நெட் ஸ்லோவா இருக்கோ?" என்று கேட்டான்.

அவள் வைத்துவிட்டாள். அவன் சும்மா இருப்பானா? அப்பாவுக்கு ரகசியமாகப் போன் போட்டான். வீட்டோடு இருக்கிற அப்பா பாஷ்யம், கோயிலில் வெகுகாலம் பாராயணம் செய்து ஓய்வு பெற்றவர். வேதத்தில் ஒரு ஸ்வரம் பிசகாது, போனில் ஒரு பித்தானும் சரியாக அழுந்தாது. மருமகள் குளிக்கப் போன நேரத்தில் படம் எடுத்து அனுப்பியும் விட்டார். போய்ச் சேர்ந்தது அவருடைய இடது காதும் மின்விசிறியின் ஒரு இறக்கையும். விஷயம் தெரிந்தபோது வஸுமதிக்குக் கோபம் வரவில்லை. ஒளித்து எடுக்கச் சொல்கிற அளவுக்கு ஆசை வந்துவிட்டது அல்லவா? கடைக்குள் ஒரு கால் வைத்தாயிற்று.

ஆனால் இன்னொரு கால் வரவில்லை. விஜயதசமியும் வந்துவிட்டது. "நாளைக்கு வரப் பாக்கறேன்" என்று அவன் சொன்னான். அவனுடைய 'பாக்கறேன்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

விளக்கேற்றி ஆரத்தி ஆனதும் பாஷ்யம் மேல்துண்டைச் சரி செய்துகொண்டு வந்தார். தசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட வேண்டும்; கொலு முடிந்தது என்று அர்த்தம்; மறுநாள் காலையில் எடுத்துக் கட்டிவிட வேண்டும். அந்த வீட்டில் இது தவறியதில்லை. மரப்பாச்சியை மெதுவாகப் படுக்க வைத்தார்.

"காலம்பற எடுத்துடும்மா."

"அப்பா, ஒரு சந்தேகம்."

"கேளு." சந்தேகம் என்றால் பாஷ்யத்துக்கு உற்சாகம்.

"பெருமாளை ராத்திரி ஏகாந்த சேவை பண்ணி சயனிக்க வைக்கறேளே, மறுநாள் மூட்டை கட்டிப் பரண்ல வெச்சுடறேளா?"

"என்ன பேச்சும்மா இது? விடியக்காலம் திருப்பள்ளி உணர்த்தணும்."

"படி மேல இருக்கறதும் அவர்தானே? அவருக்கு மலைமேல ஒரு நியாயம், நம்மாத்துல ஒரு நியாயமா?"

பாஷ்யம் எத்தனையோ வித்வத் சபைகளில் உட்கார்ந்தவர். இப்படி நாலு பக்கமும் அடைத்துக் கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கப் போனார்.

விடிவதற்கு முன்பே கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம். வஸுமதி எழுந்து வந்து பார்த்தாள். பாஷ்யம் ஈர வேஷ்டியோடு கொலுவின் முன்னால் நின்று, ஒரு காலத்தில் கருவறை வாசலில் நின்று சொன்ன அதே குரலில், பெருமாளை எழுப்பிக்கொண்டிருந்தார். முடித்ததும் மரப்பாச்சியை நிமிர்த்தினார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாள்தான். விளக்கேத்தறதுக்குள்ள அவன் வரலைன்னா கட்டிடணும்."

"பேரம் படிஞ்சது" என்றாள்.

அன்றைய பகல் நகரவில்லை. சாப்பாடு ஆயிற்று. நீரஜா இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தாள். கேழ்வரகுப் பயிர் நுனி பழுத்துச் சாய ஆரம்பித்திருந்தது. வஸுமதி தண்ணீர் தெளித்தாள், மறுபடி தெளித்தாள். வெயில் வாசற்படியை விட்டு இறங்கியபோது பாஷ்யம் பழைய செய்தித்தாள்களை எடுத்து வைத்தார். ஆனால் ஒன்றையும் பிரிக்காமல் படிக்க ஆரம்பித்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். ரகுநந்தன் கையில் பையோடு நின்றான், கண்கள் தூக்கம் இல்லாமல் சிவந்து.

"மடப்பள்ளியில கௌஸ்துப் அவன் முறையைப் பாத்துக்கச் சொன்னான். முடியாதுன்னுட்டேன். ஜுரமான்னு நெத்தியைத் தொட்டுப் பாக்கறான்" என்றான்.

கை கால் கழுவிக்கொண்டு நேரே கொலுவின் முன்னால் போய் உட்கார்ந்தான். சுண்டல் கேட்கவில்லை. கண்ணாலேயே படி படியாக மேலே போனான், இறங்கினான். மலைப்பாதையில் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போய், மடப்பள்ளியில் நின்றான்.

"இது யாரு?"

"தெரிஞ்ச முகமா இருக்கா?"

"முகம் தெரியலை. தொப்பை தெரியறது." விரலால் அந்தத் துணி ஆளை அரை அங்குலம் பின்னால் நகர்த்தினான். "இத்தனை கிட்ட நின்னா வேஷ்டி பத்திக்கும்."

வஸுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தாள். "கொலுவுக்கு வந்தவா பாடணும்."

"ஸ்லோகம் சொல்லட்டுமா?"

"அது தினம் காதுல விழறது. பாட்டு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார். வேறு வழியில்லாமல் தொண்டையைக் கனைத்து, காலேஜ் நாளில் கேட்ட ஒரு சினிமாப் பாட்டை எடுத்தான். ஸ்ருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இரண்டாம் அடியில் வார்த்தை மறந்து 'ல ல லா' என்று இழுத்தான். செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு கை தொடையில் தாளம் போட்டது, அதுவும் தப்பாக. மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் நீரஜாவின் தலை எழும்பியது. ரகுநந்தன் அவளைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நிறுத்தப் போனான்.

"நிறுத்தாதேங்கோ," என்று வஸுமதி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், "அடுத்த அடி நான் எடுத்துத் தரேன்."