சுண்டுவிரல்

தொழிலாளர் நல அலுவலகத்தின் நான்காவது கவுண்டருக்கு எதிரே செல்லோ டீச்சர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். கூட வந்திருந்த தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். அரைநாள் லீவு போட்டிருந்தான். அவள் இடது கைச் சுண்டுவிரலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்த தடம் தெரிந்தது. வலி தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தது அவளிடம் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பெண். "மிஸ், நீங்க வாசிச்சது... கொஞ்சம் சுருதி இறங்குச்சு." பெண் சொன்னது சரிதான். விரல் தந்தியில் எங்கே விழுகிறது என்பது டீச்சருக்குக் குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது.

பத்தொன்பது வயதில் நகர இசைக்குழுவில் சேர்ந்தவள். இருபத்தேழு வருஷம். காலையில் ஒத்திகை, மதியம் இசைப்பள்ளியில் பிள்ளைகள், வாரத்தில் நாலு நாள் மாலையில் கச்சேரி. அம்மா இறந்த மூன்றாம் நாள் மேடையில் இருந்தாள். முழங்கையை இத்தனை காலம் மடக்கியே வைத்திருந்ததில் நரம்பு நசுங்கிவிட்டது, ஆபரேஷன் செய்துகொண்டு ஆறு மாதம் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஆறு மாசம் நாற்காலியைச் சும்மா போட்டு வைக்க முடியாதும்மா" என்றார் இசைக்குழு மேனேஜர். "வேலையால வந்ததுன்னு தொழிலாளர் ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க. அப்ப என்னால நீக்க முடியாது."

கவுண்டர்க்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கை எந்த மெஷின்ல மாட்டுச்சு?"

"மெஷின் இல்லைங்க. செல்லோ. பெரிய வயலின் மாதிரி இருக்கும், உட்கார்ந்து வாசிக்கிறது."

அவர் சான்று தரத்தக்க வேலைகளின் பட்டியலை எடுத்தார். துளை போடுவது, மூட்டை தூக்குவது, ரசாயனம், சூளை. விரல் வரிவரியாக இறங்கிக் கடைசிப் பக்கத்தில் நின்றது.

"வாசிக்கிறதுன்னு எதுவும் இல்லையேம்மா."

"எனக்கு ஜாக்கி நழுவிக் கை நசுங்கினப்போ இதே ஆபீஸ்தான் ஒரே வாரத்துல கையெழுத்துப் போட்டுச்சு" என்றான் தம்பி. "எங்க அக்கா கை மட்டும் என்ன, இரவல் கையா?"

"நீங்க பார்த்தது வேலை, தம்பி. இவங்க..." அவர் நிறுத்திக்கொண்டார். "என் பொண்ணுக்கும் சங்கீதம்னா உசுரு. ஆனா பட்டியல்ல இல்லாததை நான் எப்படி எழுதுவேன்?"

"விடுடா" என்றாள் டீச்சர்.

காரணம் என்ற இடத்தில் அவர் 'பொழுதுபோக்கு' என்று எழுதி முத்திரை குத்தினார். எழுத்து அழகாக இருந்தது.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவளுடைய நாற்காலிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அடுத்த வாரமே நடந்தது. இசைப்பள்ளியிலும், "நீங்களே வாசிச்சுக் காட்டாம எப்படி மிஸ்?" என்று கேட்டு வகுப்புகளை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். அரங்கத்தில் தன் லாக்கரைக் காலி செய்யும்போதாவது அழுகை வரும் என்று நினைத்தாள். உள்ளே ஒரு பென்சிலும், வில்லுக்குத் தடவும் பிசின் கட்டியும், பழைய செருப்பும் இருந்தன. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அரங்கத்துக்கு எதிர் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் ஏணியில் நின்று விளம்பரம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய பருவத்தின் கச்சேரிகள். தாள் தாளாக ஒரு கை உருவாகிக்கொண்டிருந்தது. மூன்று ஆள் உயரம், தந்திகளின் மேல் நாலு விரல். போன வருஷம் ஒத்திகையின்போது போட்டோக்காரர் ஒருவர் அவளுடைய இடது கையருகே வெகுநேரம் மண்டியிட்டிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் மேலே இருந்தவன். "பசை சொட்டுது."

அவள் தள்ளி நின்றாள். அவன் கடைசித் தாளை விரித்து, துடைப்பத்தால் சுண்டுவிரலை அழுத்தித் தேய்த்தான். பிறகு கீழே பார்த்தான்.

"உங்க இடது கை விரல்ல விழுந்துடுச்சு பாருங்க. சுடலையா? இப்பத்தான் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சின பசை."

அவள் குனிந்து பார்த்தாள்.