லிஃப்ட்காரரின் குரல்

எங்கள் இணையத் தொடர் பாதி காமிக்ஸ், பாதி சினிமா. படம் வரைவது நான். கதாநாயகனான லிஃப்ட்காரருக்குக் குரல் கொடுத்தவர் தங்கையின் கணவர். எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார்.

நாலாவது பாகத்தில் ஒரே வசனத்தைப் பதினெட்டு முறை பேசவைத்துவிட்டு, "இப்படி இழுத்து இழுத்துப் பேசினா எப்படி மாப்ள? நீங்க இல்லாட்டி படம் ஓடாதா?" என்று எரிந்து விழுந்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்தான்.

அதன்பின் லிஃப்ட்காரரின் பேச்செல்லாம் எழுத்தாகப் பலூனில் வந்தது. பார்த்தவர்கள் புதுமை என்று கொண்டாடினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

கடைசிப் பாகம் வெளியான மறுநாள் தங்கை போன் செய்தாள்.

"பாப்பாவுக்காக அவர் எல்லா பலூனையும் வாய்விட்டுப் படிக்கிறாரு அண்ணா. அவர் முடிக்கவும் பலூன் மறையவும் கரெக்டா இருக்கு. அதெப்படி?"

ஒவ்வொரு பலூனும் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று கணக்கிட, அவரைப் போலவே இழுத்து இழுத்துப் பேசிப் பார்த்தவன் நான். அதை எப்படிச் சொல்வது?

"பக்கத்துலதான் இருக்காரு, போனைக் கொடுக்கவா?"

"வேண்டாம்மா, தலைக்கு மேல வேலை கிடக்கு."

தொடர்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.