தரை சுடும் கடை

பியோன் போனில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரலாமா என்று கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் பெரிய கம்பெனியில் கொள்முதல் மேனேஜர். சலவை இயந்திரக் கதவுக்கு நான் ஸ்பிரிங் செய்து கொடுக்கிறேன், பத்தொன்பது வருடமாக. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் என் பட்டறையில் ஏழு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்ல செய்தி என்றால் காகிதமாக வரும். கெட்ட செய்தியைத்தான் சோற்றோடு பிசைந்து கொடுப்பார்கள்.

"உங்க பக்கமே ஏதாவது சாதாரணக் கடையா பாருங்க ஐயா. ஆடம்பரம் வேணாம், கம்பெனியில கேள்வி கேப்பாங்க" என்றான்.

பட்டறைக் கணக்கைப் பார்க்கும் என் மகள் மிரான் போனில் மூன்று கடைகளின் படத்தைக் காட்டினாள்.

"படத்துல எல்லாக் குழம்பும் பளபளன்னுதான் இருக்கும்" என்றேன். "உங்கம்மா படத்தைப் பாத்துத்தான் நான் ஏமாந்தேன்."

"அம்மாவும் இதையேதான் சொல்லிட்டிருந்தா. போங்க, நீங்களே நேர்ல பாத்துட்டு வாங்க."

போனேன். நெடுஞ்சாலைத் திருப்பத்தில் முதல் கடை. பரிமாற ஆளே இல்லை, மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பலகையைத் தொட்டால் சாப்பாடு வருமாம். பூனை முகம் வைத்த, தானாக ஓடும் வண்டி ஒன்று பாடிக்கொண்டே தட்டைக் கொண்டு வந்தது. உப்புக் குறைவு என்று அதனிடம் சொன்னேன். தயவுசெய்து வழிவிடுங்கள் என்றது. அங்கேயே உட்கார்ந்து மற்ற மேஜைகளைக் கவனித்தேன். இரண்டு பேர் வந்தார்கள், பேசினார்கள், ஒருவன் எழுந்து போய்விட்டான். மற்றவன் முகம் விழுந்து கிடந்தது. நாற்காலியில் இது ஒரு வசதி, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

மற்ற இரண்டு கடைகளிலும் நாற்காலிதான். உள்ளேயே போகவில்லை.

திரும்பும்போது ஏரிக்கரையில் மூடுபனி. பாதை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வண்டியை நிறுத்தினேன். பனிக்குள் ஒரு தகரக் கூரை, இறவாரத்தில் காயப்போட்ட ஆரஞ்சு நிறச் சீமைப்பனிச்சைப் பழங்கள் சின்ன விளக்குகள் மாதிரி தொங்கின. பார்லிச் சோற்றுக் கடை. வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. லாரிக்காரன் நாக்கை நான் நம்புவேன். உள்ளே தரையில்தான் உட்கார வேண்டும். தரைக்கு அடியில் விறகடுப்பு. செருப்பைக் கழற்றாமல் யாரும் ஏற முடியாது.

இதுதான் கடை என்று முடிவு செய்தேன். ஷூவைக் கழற்றியவன் சட்டென்று எழுந்து ஓட மாட்டான். நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் நான் நாலு வார்த்தை பேசிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை பியோன் வந்தான். கணுக்கால் வரை நாடா கட்டிய ஷூ. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். விருந்தாளி என்பதால் அடுப்புப் பக்கத்துச் சூடான மூலையை அவனுக்குக் கொடுத்தேன். வழக்கத்தை விட முடியுமா?

"ஐயா நீங்க உக்காருங்க, வயசுல பெரியவர்."

"எனக்குச் சூடு ஆகாது, உக்காருங்க" என்று பொய் சொன்னேன்.

பார்லிச் சோறும் கீரைகளும் சோயா விழுதுக் குழம்பும் வந்தன. அவன் இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் சோற்றை வைத்து மூடிக்கொண்டான். கடைசியில் அடிப்பிடித்த சோற்றில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள் கடைக்காரி. அதைக் குடித்தவன் சுவரில் சாய்ந்தான். கண் சொருகியது. அப்படியே சரிந்து தூங்கிவிட்டான்.

நடிக்கிறான் என்று நினைத்தேன். இருமினேன். கரண்டியைத் தட்டினேன். குறட்டை வந்தது. ஒரு காலுறையை உள்புறம் வெளியே வரும்படி போட்டிருந்தான். கடைக்காரி தலையணையும் போர்வையும் கொண்டு வந்தாள்.

"உங்க மகனா?"

"என் கழுத்தை அறுக்க வந்தவன்."

"பாவம், அறுக்கறதுக்குள்ள தூங்கிட்டாரு" என்று போர்த்திவிட்டுப் போனாள்.

சட்டைப் பையில் கொண்டு வந்திருந்த ஸ்பிரிங்கை விரலில் அழுத்தி அழுத்தி விட்டேன். சன்னலுக்கு வெளியே ஏரி தெரியவில்லை, வாத்துகளின் சத்தம் மட்டும். சூடு தரை வழியாக என் பக்கமும் ஊர்ந்து வந்தது. பனி சன்னல் ஏறி அறைக்குள் இறங்கியது போல இருந்தது. பத்தொன்பது வருடத்து ஸ்பிரிங் எல்லாம் தண்ணீருக்கு அடியில் சுருண்டு படுத்து மெல்ல மூச்சு விட்டன. எந்தக் கதவும் அடிக்கவில்லை. எல்லாம் மெத்தென்று மூடிக்கொண்டன.

விழித்தபோது போர்வை என் மேல் கிடந்தது. மூலை காலி. ஓடிவிட்டான்! வாசலுக்குத் தட்டுத்தடுமாறிப் போனேன். ஷூ அங்கேயே இருந்தது. கடையின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பியோன் தண்ணீர் ஓரம் நின்றிருந்தான். இத்தனை யோசித்த நான் அந்தச் செருப்பை யோசிக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க ஐயா. பத்து நாளா சரியாத் தூக்கமில்ல. உங்க மாதிரி பதினோரு பேர்கிட்டப் போய்ச் சொல்லணும்னு லிஸ்ட் கொடுத்திருக்காங்க."

"நான் எத்தனாவது?"

"நாலாவது."

"சொல்லு. வளைச்சுப் பேசாத."

"ஜனவரியிலேர்ந்து புது மாடலுக்கு ஸ்பிரிங் வெளிநாட்டிலேர்ந்து வருது."

வாத்து ஒன்று பனிக்குள் போயிற்று.

"பழைய மாடல் லட்சக்கணக்கில வீடுகள்ல ஓடுது" என்றேன். "அதுல ஸ்பிரிங் உடைஞ்சா யார் கொடுப்பா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "மாத்து உதிரிபாகமா? அது லிஸ்ட்ல இல்ல. அதுக்கு என் கையெழுத்தே போதும்."

"எத்தனை வருஷம்?"

"அஞ்சு வருஷம் கம்பெனி வெச்சிருந்தே ஆகணும். ஆனா பாதி வேலைதான் வரும் ஐயா."

ஏழு பேரில் இரண்டு பேர் வசந்தத்தில் ஓய்வு பெறுகிறவர்கள். மீதி ஐந்து பேரையும் பாதி வேலையில் இழுத்துப் பிடிக்க முடியுமா என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். கஷ்டம்தான். முடியாதது இல்லை.

"எழுதிக் கொடு" என்றேன். "வாய்ப் பேச்சு எனக்கு ஆகாது."

சூடான மூலையில் மறுபடி உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன். கிளம்பும்போது நாடா அவனுக்குச் சிக்கிக்கொண்டது. ஆணியில் தொங்கிய, குதிகாலை நுழைக்க உதவும் நீளமான ஷூக் கரண்டியை எடுத்து நீட்டினேன். ரொம்ப நேரம் குனிந்திருந்தான். நான் அவசரப்படுத்தவில்லை.

மிரான் போன் செய்தாள். "என்னப்பா ஆச்சு? இவ்வளவு நேரமா? கடை எப்படி?"

"பாதி பொழைச்சோம். காகிதம் இருக்கு."

"சாப்பாடு?"

"ஞாபகம் இல்ல. தரை நல்லா இருந்துச்சு."