சேற்றில் நின்ற மோரிஸ்

...இவ்வளவுதானா கனம், என்று பின் பம்பரைப் பிடித்து மறுபடி அசைத்துப் பார்க்கிறேன், குலுங்குகிறது, லாரிகளோடு மல்லுக்கட்டும் எனக்கு இந்த மோரிஸ் மைனர் கார் ஒரு வண்டியே இல்லை, ஆறு பேர் சேர்ந்து நெம்பினால் எந்தப் பள்ளத்திலிருந்தும் ஏறிவிடும், பிறகு எப்படி ஒரு ராத்திரி முழுக்கச் சேற்றில் நின்றது? ஐப்பசி மழையில் கரிசல் எப்படி இளகும் என்று எனக்குத் தெரியாதா, செருப்பையே விடாது, சக்கரத்தையா விடும், எல்லாம் சரி... ஆனால் புஞ்சை புஞ்சையாக ஆட்டுக்கிடை போடுகிற அப்பாவோடு கிடை ஆட்கள் இருந்திருப்பார்களே, ஒரு சத்தம் கொடுத்தால் ஓடி வருகிற சனமாயிற்றே. நாற்பத்தோரு வருஷமாக அப்பா சொல்வது ஒரே கதை, ஒரு சொல் கூடாது, குறையாது. "வெள்ளிக்கிழமை பொழுதடைய ஒங்கம்மைக்கு வலி கண்டுச்சு. பெரிய வீட்டுக் காரைக் கேட்டு வாங்கி ஏத்துனோம். ஓடையில சேத்துல மாட்டி ராப்பூரா நின்னுபோச்சு. விடியக்காலம் பின்சீட்டுல நீ பொறந்த, அவ போய்ட்டா." அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

அந்தக் கார் இன்னும் இருக்கிறது, கயத்தாறுக்குக் கிழக்கே அதே வீட்டுக் கொட்டகையில், விற்கப் போகிறார்கள் என்று என் பட்டறைக்கு வந்த டிரைவர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. கோவில்பட்டியில் பத்தொன்பது வருஷமாக லாரி, கார் வயரிங் பார்க்கிறவன், என் சொந்த வண்டி ஒரு டி.வி.எஸ் ஃபிப்டி. "புள்ளையள ஏத்திட்டுப் போக ஒரு மாருதி வேன் வாங்குங்கன்னா, கோழி அடையுத காரை வாங்கப் போறீயளாக்கும்" என்று முத்துசெல்வி சிரித்தாள், என் வீட்டுக்காரி, அவளிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால்தான் என்ன? அம்மையை நான் பார்த்ததில்லை, ஒரு போட்டோ கிடையாது, அவள் கடைசியாகப் படுத்திருந்த இடமாவது எனக்கு வேண்டும் என்று சொல்ல ஏன் கூச்சமாக இருக்கிறது... அப்பாவிடம் மட்டும் சொன்னேன், காலையில். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "ஏலே, இன்னைக்கு என்ன கெழமை?" என்றார். வெள்ளி என்றேன். "பொழுது சாயுமுன்ன போயிரு." வயசாகிவிட்டது, கண் மங்குகிறது, என் கண்ணும் அப்படித்தான் என்று நினைக்கிறார் போல.

வழியில் பஞ்சர், வந்து சேரவே அஞ்சரை. கேரியரில் கட்டி வந்த பேட்டரியை மாட்டி ஒரு வயரை நேராகக் கொடுத்ததும், கதவுக்குப் பின்னாலிருந்து டக்கென்று ஒரு குட்டிக் கை நீண்டது, திரும்பும் பக்கம் காட்டுகிற கைகாட்டி, ஆரஞ்சு வெளிச்சத்தோடு, இங்கிலாந்துக்காரன் செய்தது, உயிரோடு இருக்கிறது! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், முழங்கால் இடிக்கிறது. தலை எந்தப் பக்கம் வைத்திருப்பாள், இந்தப் பக்கமா... சீட்டுக்கு எப்போதோ புது ரெக்ஸின் போட்டுவிட்டார்கள், அவளுடையதென்று எதுவும் மிச்சமில்லை. சொர்ணத்தாயம்மாள், அந்த வீட்டு மருமகள், நல்ல மனுஷி, நான் யார் மகன் என்று அவருக்குத் தெரியாது, விலையில் இழுபறி இல்லை, நான் பேரமே பேசவில்லை. விளக்கேற்றிவிட்டு நெற்றியில் குங்குமத்தோடு கொட்டகைக்கு வந்தார். சாவி கேட்டேன்.

"சாவியைக் காலையில வாங்கிக்கிடுங்க தம்பி. வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சாச்சுல்லா, இனி வீட்டுப் பொருள் கைமாறக் கூடாது."

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு இங்கனயே தந்திருதேம்மா."

"கோவிச்சுக்கிடாதீங்க. எங்க மாமனார் வச்ச சட்டம். வெள்ளிக்கிழமைன்னா ஆரு வந்து நின்னாலும், என்ன அவசரம்னாலும், விடிஞ்சாத்தான் கார்ச் சாவி குடுப்பாவளாம். நான் வாக்கப்பட்டு வந்ததும் அவிய எனக்குச் சொன்ன மொத வெவரமே இதுதான்."

விடிந்தால்தான்... அப்படியானால் ராத்திரி முழுக்க இது ஓடையில் நிற்கவில்லை, இங்கேதான் நின்றது, இந்தக் கொட்டகையில், காய்ந்த தரையில். அப்பா எங்கே நின்றார், அந்த வாசலிலா, மழையிலா? சண்டாளப் பாவிகளா என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கிறது, இந்தம்மாவிடம் கத்தி என்ன செய்ய. அதற்குப் பிறகும் இவர்கள் புஞ்சையில்தானே கிடை போட்டார் அப்பா, கிடைக்கூலியாக இவர்கள் கொடுத்த கம்பைத்தானே நான் தின்று வளர்ந்தேன், அதனால்தான் சேறு என்றாரா, நான் இவர்களை வெறுக்கக் கூடாதென்றா? இருக்கும்... ஆனால் பொழுது சாயுமுன்ன போயிரு என்றாரே. அப்படியானால் இந்தச் சட்டம் அவருக்கு அன்றைக்கும் தெரிந்திருக்குமா? தெரிந்துமா பிந்திப்போய் நின்றார்? அம்மைக்கு வலி என்று கிடைக்கு ஆள் வந்து சொன்னபோது மணி என்ன, உடனே ஓடினாரா, ஆட்டையெல்லாம் அடைத்துவிட்டு வருகிறேன் என்றாரா? இரண்டு வயரை உருவிச் சேர்த்தால் போதும், சாவி இல்லாமலே இதை நான் கிளப்பிவிடுவேன், இப்போதே. கை அங்கேதான் போகிறது. "காலையில வாரேம்மா" என்கிறேன். பேட்டரியைக் கழற்றுகிறேன், நீண்டிருந்த கைகாட்டி உள்ளே விழுகிறது. வீட்டில் அப்பா தூங்காமல் இருப்பார், சாவி தந்தாங்களா என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு, அம்மைக்கு வலி கண்டது பொழுதடையத்தானா, அதற்கு முன்னாலேயா என்று நான் கேட்க வேண்டுமா... இல்லை, நானும் வழியில் சேறு என்று சொல்லிவிட வேண்டியதுதானா.