நாலு பத்துக்கு ஏறும் ஈரம்

ஜூன் பத்தொன்பதாம் தேதி காலையிலிருந்து, மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டில் அனந்தலக்ஷ்மி டீச்சரின் மாடியறைக்குள் மட்டும் மழைக்காலம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே சுவரிலிருந்து பூஞ்சணம் பொடியாக உதிர்ந்தது, மழைக்கு உப்பிப்போன கதவு சுருங்கித் தானாகத் திறந்துகொண்டது. முந்தின நாள் மாலைதான் அவளுடைய கணவர் வாஞ்சிநாதன் தென்துருவப் பனிக்கண்டத்தில் இறந்துபோன செய்தி வந்திருந்தது.

சூரியன் எட்டிப்பார்க்காத அந்தக் குளிர்காலத்தில், எழுபது கிலோமீட்டர் உயரத்துக் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. பத்து லட்சத்தில் நாலைந்து பங்கு இருக்கும். அதற்காக ஒரு மனிதன் கொச்சியை விட்டுப் போவானா என்று கேட்டவர்கள் உண்டு. இங்கே காற்றைப் பிழிந்தாலே குடம் நிறையும். புயலில் கருவியின் மேல் படிந்த பனியைத் துடைக்கப் போனவரை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். கருவியும் உடைந்திருந்தது. நவம்பர்வரை விமானம் இல்லை, அதுவரை உடலும் வராது, காரியமும் நடக்காது.

அனந்தலக்ஷ்மி அழவில்லை. பாலக்காட்டிலிருந்து வந்த உறவினர்கள் பதினைந்து நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடே ஊர் திரும்பினார்கள். அவளுக்கே அது பயமாக இருந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு ஒரு சொட்டுக்கூட வராதவள் என்ன மனுஷி என்று நினைத்தாள். நினைத்துவிட்டுச் சாதம் வடிக்கப் போனாள்.

அறையின் உபயோகத்தை முதலில் கண்டவள், வேளி சலவைத்துறையில் லாட்ஜுத் துணிகள் வெளுக்கும் அமுதவள்ளி. படுக்கைவிரிப்புகள் பத்தே நிமிஷத்தில் மொடமொடத்தன. பிறகு அப்பளக்காரர்கள் வந்தார்கள், பஜாரிலிருந்து நனைந்த மிளகுச் சாக்குகள் வந்தன. மழையில் காய்ந்த இடம் கிடைத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அனந்தலக்ஷ்மி மட்டும் கணவர் பீரோவில் விட்டுப்போன உபரிக் கருவியை அங்கே வைத்தாள். அது பத்து லட்சத்தில் நாலரை என்றது. அது பதிந்ததையெல்லாம் அவர் வேலைபார்த்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். இது அந்த உயரத்துக் காற்றேதான், அவருடைய குளிர்கால அளவுகளை நீங்களே முடித்துக் கொடுங்கள் என்று சங்கர்ராம் என்ற அதிகாரி எழுதினார்.

ஆகஸ்டில் சங்கர்ராமிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தினமும் மாலை நாலு பத்துக்கு ஈரம் இருமடங்காகிறது, காரணம் தெரிவிக்கவும், இல்லாவிட்டால் எல்லா அளவுகளையும் ஒதுக்க நேரும் என்றிருந்தது. நாலு பத்து வாஞ்சிநாதன் போன் பண்ணும் நேரம். இப்போதும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்காருவது வழக்கம்.

"நான் சும்மான்னா ஒக்காந்துண்டிருக்கேன்," என்றாள், கடிதத்தை அமுதவள்ளிக்குப் படித்துக் காட்டிவிட்டு.

அமுதவள்ளி விரிப்பை மடித்தபடியே சொன்னாள்: "சும்மா இல்ல சேச்சி. தெனமும் அழுவீங்க. கண்ணு நெறயும், கன்னத்துக்கு எறங்கறதுக்குள்ள காஞ்சிரும். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

'அளவெடுப்பவர் அழுகிறார்' என்று அனந்தலக்ஷ்மி பதில் எழுதினாள். ஆய்வுக்கூடம் ஏற்றுக்கொண்டு, அட்டவணையில் அதற்கென ஒரு பத்தி சேர்த்தது.

நவம்பரில் வாஞ்சிநாதனை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பிய அன்று அறைக்குள் ஈரம் திரும்பியது. நாலு பத்துக்குக் கண்ணீர் கன்னம் தாண்டி முகவாய்வரை வந்தது. அவள் அதைத் துடைக்காமல் கடைசி அளவைக் குறித்தாள். அமுதவள்ளி காயாத விரிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு வேளிக்குப் போனாள்.